டிராயிங் மாஸ்டர் பதில்கள்: பாய்க்குக் காற்று எந்தப் பக்கம்?

போன இதழில் காலண்டர் படங்களைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "ரொமான்டிக் ஓவியர்கள்" என்று ஒரு வார்த்தை விட்டேன். சும்மா இருந்திருக்கலாம். வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாம் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். வழக்கம்போல் கேட்டவர்களின் பெயர் போடவில்லை, பேட்டை மட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் ஒரு படத்தையும் நான் நேரில் பார்த்தவனில்லை. மூர் மார்க்கெட்டில், அது 1985-ல் எரிவதற்கு முன்னால், அட்டை கிழிந்த ஒரு பழைய ஓவியப் புத்தகத்தை ஏழு ரூபாய்க்கு வாங்கினேன். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். எனக்குத் தெரிந்த ரொமான்டிக் அங்கே ஆரம்பித்ததுதான்.

"மாஸ்டர், எங்கள் காலேஜில் 'ரொமான்டிசிசம்' என்று ஒரு பாடம். நோட்டில் அந்தத் தலைப்பைப் பார்த்ததிலிருந்து அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். காதல் படங்களா இவை?"
*கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை*

நோட்டை அம்மாவிடம் தைரியமாகக் காட்டு கண்ணு. காதலுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம்தான். லத்தீனிலிருந்து கிளைத்த பேச்சுமொழிகளில் வீரர்கள், மாயக்கோட்டைகள், சாகசங்கள் என்று எழுதிய பழங்கதைகளை ஐரோப்பாவில் 'ரோமான்ஸ்' என்பார்கள். அந்தக் கதைகளின் வாசனை அடிக்கிற எதற்கும் 'ரொமான்டிக்' என்று பெயர் வந்தது. 1798-ல் ஜெர்மனியில் ஷ்லேகல் சகோதரர்கள் 'ஆத்தேனியம்' என்று ஒரு பத்திரிகை தொடங்கி, புதுவகை எழுத்துக்கு அந்தச் சொல்லைச் சூட்டினார்கள். ஓவியத்துக்கும் அது ஒட்டிக்கொண்டது. தமிழில் கற்பனாவாதம் என்கிறார்கள், புனைவியல் என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. என்னமோ வீட்டில் உட்கார்ந்து கதை விட்டவர்கள் மாதிரி இருக்கிறது.

காலம் ஏறக்குறைய 1780களிலிருந்து 1850 வரை. பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன் போர்கள், ஆலைப் புகை எல்லாம் சேர்ந்து மனிதர்களைப் புரட்டிப் போட்ட எழுபது வருஷம். அதற்கு முன்னால் பெரிய மரியாதை ரோமாபுரி வீரர்களை வரைபவர்களுக்குத்தான். உடம்பு சிலை மாதிரி, கோடு கத்தி மாதிரி, உணர்ச்சி அளவோடு. அடுத்து வந்தவர்கள் புயல், பனி, கலகம், பைத்தியம், கப்பல் சேதம் என்று போனார்கள். பாரதியார் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டாரே, அந்த ஷெல்லி இதே காலத்துக் கவிஞர்.

பரீட்சைக்கு ஒரு வரி வேண்டுமானால், 1846-ல் பிரெஞ்சுக் கவிஞர் போத்லேர் எழுதியதைப் போடு: ரொமான்டிசிசம் எதை வரைகிறோம் என்பதிலும் இல்லை, எவ்வளவு அச்சாக வரைகிறோம் என்பதிலும் இல்லை, உணர்கிற விதத்தில் இருக்கிறது. மார்க் கிடைக்கும். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். இந்த ஆட்கள் உணர்வதற்கு முன்னால் ஸ்கேலும் பென்சிலுமாக அளந்து தள்ளியவர்கள். அது அடுத்த கேள்வியிலேயே வருகிறது பார்.

"மாஸ்டர், பசங்க போன்ல ஒரு படம் அனுப்புனாங்க. ஒடஞ்ச தெப்பம், மேல ஆளுங்க, பாதிப் பேரு செத்துக் கெடக்குறாங்க. தூரத்துல கப்பலப் பாத்துத் துணிய ஆட்டுறாங்க. ஆனா பாயப் பாத்தாக்கா காத்து அப்டிக்கா இஸ்துகினு போவுது, கப்பலு இப்டிக்கா கீது. வரஞ்ச ஆளுக்குக் கடலு தெரியாதா?"
*ஃபைபர் படகு ஓட்டுபவர், காசிமேடு*

அண்ணே, என் புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்துப் பல வருஷம் நான் காற்றைக் கவனிக்கவே இல்லை. நீங்கள் முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டீர்கள். பதில் சொல்கிறேன்: அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்படி வைத்தார்.

முதலில் கதை. 1816 ஜூலை 2. மெடூஸா என்ற பிரெஞ்சுக் கப்பல், செனகலுக்குப் புதிய கவர்னரை ஏற்றிக்கொண்டு போகிறது. ஏறக்குறைய 400 பேர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய மொரிட்டானியாவுக்கு அப்பால், மணல்திட்டில் ஏறித் தட்டிவிட்டது. கேப்டன் ஷோமரே இருபது வருஷமாகக் கப்பல் ஓட்டாதவர். ராஜா கட்சி என்பதற்காகப் பதவி கொடுத்திருந்தார்கள். படகுகள் போதவில்லை. பாய்மரத்தையும் பலகையையும் கட்டி ஒரு தெப்பம் செய்து, 147 பேரை அதில் இறக்கினார்கள். படகுகள் கயிறு போட்டு இழுத்துப் போகும் என்று பேச்சு. கொஞ்ச தூரத்தில் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் படகுகள் போய்விட்டன. இடுப்பளவு தண்ணீரில் தெப்பம். அடிதடி, தாகம், கடைசியில் மனித மாமிசம். பதிமூன்று நாள் கழித்து ஆர்கஸ் என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது உயிரோடு இருந்தது 15 பேர். அவர்களிலும் ஐந்து பேர் கரைக்கு வந்து செத்தார்கள். கேப்டனுக்குக் கிடைத்தது மூன்று வருஷ ஜெயில்.

பிழைத்தவர்களில் ஒரு டாக்டரும் ஒரு என்ஜினியரும் சேர்ந்து நடந்ததைப் புத்தகமாகப் போட்டுவிட்டார்கள். அரசாங்கத்துக்குப் பெரிய தலைகுனிவு. அப்போது, இந்தப் படத்தை வரைந்த தெயோடோர் ஜெரிக்கோவுக்கு வயசு 26, 27. அந்த இரண்டு பேரையும் தேடிப் போய்ப் பேசினார். கப்பல் தச்சரும் பிழைத்திருந்தார். அவரைக் கொண்டே தெப்பத்தின் மாதிரி ஒன்று செய்ய வைத்து, அதன்மேல் மெழுகுப் பொம்மைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடலையும் வானத்தையும் பார்க்க ல ஆவர் துறைமுகத்துக்குப் போய் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பெரிய ஸ்டுடியோ பிடித்து, சாகக் கிடப்பவர்களின் முகத்தையும் பிணத்தின் நிறத்தையும் வரைந்தார். வெட்டிய கை கால்களைக்கூட ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார். வெளியே சுற்றக்கூடாது என்று தலையை மொட்டை அடித்துக்கொண்டார். கேன்வாஸில் இறங்கியபின் வேலை எட்டு மாதத்தில் முடிந்தது. படத்தில் குப்புறக் கிடக்கிறானே ஒரு வாலிபன், அதற்கு மாடலாகக் கிடந்தவர் டெலக்ரோவா. பிற்பாடு அவரும் பெரிய ஆள்.

இப்போது உங்கள் காற்று. படத்தில் பாய் இடப்பக்கம் உப்பியிருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மலை மாதிரி அலை எழும்புகிறது. காற்று தெப்பத்தை அதை நோக்கித்தான் தள்ளுகிறது. ஆட்களோ வலப்பக்கம் ஏறுகிறார்கள். கீழே பிணம், அதற்கு மேல் முட்டி போட்டவன், அதற்கு மேல் கை நீட்டுபவன், உச்சியில் பீப்பாய் மேல் ஏறி நின்று துணியை ஆட்டும் ஒரு கறுப்பினத்தவர். ஜோசப் என்ற ஹெய்ட்டிக்காரர் அதற்கு மாடலாக நின்றவர். ஆர்கஸ் தொடுவானத்தில் ஒரு கொசு அளவு. உங்கள் போனில் தெரிந்ததே ஆச்சரியம். உண்மையில் அன்றைக்கு அந்தக் கப்பல் முதலில் இவர்களைக் கவனிக்காமல் மறைந்து போய்விட்டது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. ஜெரிக்கோ வரைந்தது காப்பாற்றிய நேரத்தை இல்லை, பார்த்துப் பார்க்காமல் போன அந்த நேரத்தை. மனுஷன் போக நினைப்பது ஒரு பக்கம், காற்று இழுப்பது ஒரு பக்கம். உங்களைப்போல வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பழகியவர்களுக்கு அது உடனே வயிற்றைப் பிசையும். எங்களைப் போன்ற தரைவாசிகளுக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

அளவு: 491 சென்டிமீட்டர் உயரம், 716 அகலம். அடியில் சொன்னால் 16-க்கு 23½. சின்ன வயசில் நான் சினிமா பேனர் கம்பெனியில் கை ஆளாக இருந்தபோது அந்த சைஸ் எல்லாம் சர்வசாதாரணம். காடா துணியை அடித்து, ஸ்டில்லில் கட்டம் போட்டு, துணியிலும் கட்டம் போட்டு, பொடிக் கலரை லின்சீட் ஆயிலில் குழைத்து அப்புவோம். மூன்று நாளில் கதாநாயகன் சிரிப்பார். அவர் எட்டு மாதம் எடுத்தார். ஒரு முறை ஒரு பழைய மாணவன் பாரிஸ் போய், லூவ்ரில் இந்தப் படத்துக்குக் கீழே நின்று போட்டோ அனுப்பினான். அவன் தலை பிணத்தின் இடுப்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. இன்னொன்று: கறுப்பு ஆழமாக வரவேண்டும் என்று தார்ச் சாயம் கலந்தார். தார் முழுக்கக் காயாது. நாளாக ஆக மேலும் கறுத்துக்கொண்டே போகும். படம் இப்போது அவர் வரைந்ததைவிட இருட்டு. அந்தத் தப்பை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். எங்கள் கம்பெனியில் ஒரு பையன் கறுப்புக்குப் பதிலாகத் தாரைக் கலந்து அறை வாங்கினதை நான் பார்த்திருக்கிறேன்.

"எங்க கேங்ல எல்லாரும் கடலைப் பார்த்து, கேமராவுக்கு முதுகு காட்டி கல்லு மேல நின்னு போட்டோ போடுறோம். இந்த போஸை ஆரம்பிச்சது யாரு மாஸ்டர்?"
*பிளஸ் டூ மாணவன், திருவொற்றியூர்*

காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக், 1774-ல் பால்டிக் கடலோர ஊரான கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர், ட்ரெஸ்டனில் வாழ்ந்தவர். முதுகு காட்டும் ஆளை அவருக்கு முன்னாலும் வரைந்திருக்கிறார்கள். ஆனால் அதையே படத்தின் உயிராக்கியவர் அவர்தான். 1818 வாக்கில் வரைந்த 'பனிக்கடலுக்கு மேல் நிற்கும் வழிப்போக்கன்' இப்போது ஹாம்பர்க்கில் இருக்கிறது. பச்சைக் கோட்டு, கைத்தடி, காற்றில் கலைந்த தலை, கீழே மூடுபனி. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத சின்னப் படம்.

அந்தப் பாறைகளை எல்பே ஆற்றங்கரை மலைகளில் நடந்து நடந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பென்சிலில் எடுத்தார். பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒன்று சேர்த்தார். அதாவது அப்படி ஓர் இடத்தில் போய் நின்றால் அந்தக் காட்சி கிடைக்காது தம்பி. பாறை ஒவ்வொன்றும் நிஜம், மலை மட்டும் அவர் கட்டியது.

உனக்குக் காட்டவேண்டிய படம் வேறு. 1808-லிருந்து 1810 வரை உட்கார்ந்து வரைந்த 'கடலோரத் துறவி'. ஒரு கீற்று மணல், ஒரு கீற்றுக் கறுத்த கடல், மீதி எல்லாம் வானம். அதில் ஒரு விரல்கடை அளவு மனிதன். பார்த்த எழுத்தாளர் கிளைஸ்ட், கண்ணிமையை வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுதினார். பின்னால் அகச்சிவப்புக் கதிர் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது, ஃப்ரீட்ரிக் முதலில் கடலில் கப்பல்கள் வரைந்திருக்கிறார். அப்புறம் அழித்திருக்கிறார். வரைகிறவனுக்குத்தான் தெரியும், நன்றாக வந்த கப்பலை அழிக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று. நான் வகுப்பில் 'எரேசரைக் கொடு' என்று பிடுங்கும்போதெல்லாம் அழுத பையன்கள் இப்போதாவது என்னை மன்னிக்கட்டும்.

அவர் பதிமூன்று வயதில், 1787-ல், தம்பி பனிக்கட்டி உடைந்து அவர் கண்ணெதிரே மூழ்கிச் செத்தான். அண்ணனைக் காப்பாற்றப் போய்த்தான் என்றும் சொல்வார்கள். படத்துக்கு அதுதான் காரணம் என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். நீங்கள் போட்டோவுக்கு நிற்கும்போது மட்டும் பாசி பிடித்த கல்லில் ஏறவேண்டாம்.

"கொடி பிடித்த பெண், பக்கத்தில் துப்பாக்கியோடு பையன். இந்தப் படத்தை மொபைல் கவரில் பார்த்தேன். யார் அந்தப் பெண்?"
*மொபைல் கடை ஊழியர், ராயபுரம்*

ஆள் இல்லை, சுதந்திரம் என்ற கருத்துக்குக் கொடுத்த உருவம். 1830 ஜூலை 27, 28, 29 மூன்று நாள் பாரிஸ் தெருக்களில் நடந்த கலகத்தை டெலக்ரோவா அந்த வருஷமே வரைந்தார். நாட்டுக்காகச் சண்டை போடவில்லை, படமாவது வரைகிறேனே என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். புது அரசாங்கம் 3,000 பிராங்குக்கு வாங்கியது. சீக்கிரமே, இதைப் பார்த்து மறுபடி யாராவது கிளம்பிவிடப் போகிறார்கள் என்று பயந்து சுவரிலிருந்து இறக்கிவிட்டது. இப்போது கவர் எவ்வளவு விற்கிறது?

"எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் எங்கள் வீடு. சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனால், மேற்கே புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் ரத்தச் சிவப்பாக இறங்குகிறது. அவ்வளவு அழகு. எடுத்த துணியில் கரி படிந்திருக்கிறது. அழகு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இப்படி யாராவது வரைந்திருக்கிறார்களா?"
*இல்லத்தரசி, எண்ணூர் நெடுஞ்சாலை*

அம்மா, இந்த மாதம் வந்ததில் உங்கள் கேள்வியைத்தான் நான் மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஜே. எம். டபிள்யூ. டர்னர், 1775-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா முடி திருத்துபவர். பையன் வரைந்த படங்களைக் கடையிலேயே மாட்டி விற்றார். டர்னரைப்போலப் புகையையும் சூரியனையும் வரைந்தவர் அதற்கு முன் இல்லை. 1840-ல் அவர் கண்காட்சியில் வைத்த ஒரு படம்: வானம் முழுக்க மஞ்சளும் சிவப்பும், நடுவில் சூரியன் வெள்ளைத் தூணாகக் கடலில் இறங்குகிறது, இடப்பக்கம் ஒரு கப்பல் தூரத்தில் தத்தளிக்கிறது. பார்த்ததும் 'ஆகா' என்போம். அப்புறம் கண் கீழே இறங்கும். வலது மூலையில், தண்ணீருக்கு மேலே ஒரு கால். காலில் விலங்கு. சுற்றி மீன்கள் மொய்க்கின்றன. இன்னும் உற்றுப் பார்த்தால் அலைகளுக்கு நடுவே கைகள், சங்கிலிகள். அது அடிமைக் கப்பல். நோயாளிகளையும் சாகக் கிடப்பவர்களையும் கடலில் வீசிவிட்டுப் போகிறது. 1781-ல் ஸோங் என்ற கப்பலில் 130-க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு தள்ளிவிட்டு, சரக்கு நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கேட்டார்கள். இந்தப் படத்துக்குப் பின்னால் அந்தச் சம்பவம் இருக்கிறது என்பார்கள்.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டியது அடுத்து நடந்தது. ஜான் ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர் இதைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். அலையின் நிறம், நுரையின் நெருப்பு, ஆங்கில உரைநடையில் அது ஒரு கொடுமுடி என்கிறார்கள். அந்தக் கப்பல் என்ன செய்கிறது என்பதைப் பக்கத்துக்குக் கீழே அடிக்குறிப்பில் போட்டார். அப்புறம் அவருடைய அப்பா அந்தப் படத்தையே வாங்கி அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். ரஸ்கின் அதை வருஷக்கணக்கில் வீட்டில் மாட்டி வைத்திருந்து, பார்க்கத் தாங்கவில்லை என்று விற்றார். இப்போது அமெரிக்காவில் பாஸ்டனில் இருக்கிறது.

1757-லேயே எட்மண்ட் பர்க் என்ற எழுத்தாளர் இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். பயங்கரமானது நம்மை மயக்கவேண்டுமானால் நடுவில் கொஞ்சம் தூரம் இருக்கவேண்டும், கிட்டே வந்து கழுத்தைப் பிடித்தால் அது வெறும் பயங்கரம்தான் என்று. ரொமான்டிக் ஓவியர்களின் புயல், எரிமலை, பனிப்பாறை எல்லாம் அந்தக் கணக்கில் ஓடுகிறவை. கேலரியில் நிற்பவன் நனைவதில்லை. உங்கள் மாடியில் அந்தத் தூரம் இல்லை. சூரியன் ரஸ்கினுடைய பக்கம், துணி அடிக்குறிப்பு. இரண்டும் ஒரே கொடியில் தொங்குகின்றன. அதனால்தான் கூசுகிறது. அந்தக் கூச்சம் ரஸ்கினுக்கு வர இத்தனை வருஷம் ஆயிற்று, உங்களுக்குத் துணி எடுக்கும்போதே வந்துவிட்டது. அழகாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். அடுத்த மூச்சில் கரியையும் சொல்லுங்கள். வெள்ளைத் துணியை மட்டும் வீட்டுக்குள்ளே காயப்போடுங்கள், என் மனைவி செய்வது அதுதான்.

"முப்பது வருஷம் லோகோ ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவன். டர்னர் ரயில் வரைந்திருக்கிறார் என்று பேரன் காட்டினான். இன்ஜின் முகத்தில் நெருப்பு தெரிகிறது! ஃபயர் பாக்ஸ் பின்னால் அல்லவா இருக்கும்?"
*ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்*

இந்த மாதம் எல்லாரும் தப்புக் கண்டுபிடிக்கத்தான் பேனா எடுத்திருக்கிறீர்கள். சரிதான் ஐயா, ஃபயர் பாக்ஸ் டிரைவர் பக்கம்தான். டர்னருக்கு இன்ஜினின் வயிற்றெரிச்சல் முன்னாலேயே தெரியவேண்டியிருந்தது, கதவைத் திறந்து முகத்தில் வைத்துவிட்டார். 1844-ல் வைத்த 'மழை, நீராவி, வேகம்'. பாலம் நிஜம். தேம்ஸ் ஆற்றின் மேல் மெய்டன்ஹெட்டில் என்ஜினியர் புரூனல் கட்டிய செங்கல் பாலம். பேரனிடம் சொல்லி ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு முயல் ஓடும். பெயிண்ட் மங்கிப்போய்ப் பாதி ஆவியாகத்தான் தெரியும். அந்தக் காலத்தில் வேகம் என்றால் முயல், இனி இது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். முயல் தப்பித்ததா என்று கேட்காதீர்கள்.

அந்தப் படம் வந்து பன்னிரண்டே வருஷத்தில், 1856-ல், நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் ரயில் ஓடிவிட்டது. அந்த முதல் ரயிலை இங்கே யாராவது இப்படி வரைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராயபுரம் ஸ்டேஷன் தூண்களைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பேன்.

"அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நம் ஊரை வரையவில்லையா?"
*மளிகைக் கடைக்காரர், தங்கசாலை*

வரைந்தார்கள். தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம். 1786-ல் கல்கத்தா வந்து இறங்கி, 1792-ல் மதராஸ் வந்து, தெற்கே சுற்றினார்கள். ஊருக்குத் திரும்பி 144 அச்சுப் படங்கள் போட்டார்கள். நம் கோட்டை, பாபநாசம் அருவி எல்லாம் அவர்கள் கையில் வந்திருக்கிறது. பெட்டிக் கேமரா மாதிரி ஒரு கருவியில் காட்சியை விழவைத்து வரைந்ததால் கட்டட அளவு பிசகாது. முழு ரொமான்டிக் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அழகான இடத்தைச் சுத்தமாகத் துடைத்து வைத்தது போல இருக்கும். பாபநாசம் மட்டும் விதிவிலக்கு. அங்கே தண்ணீரைப் பார்த்து அவர்களும் கொஞ்சம் ஆடிப்போனது தெரிகிறது.

"என் மகன் ஏழாவது படிக்கிறான். எந்த நோட்டைத் திறந்தாலும் கடைசிப் பக்கத்தில் மேகம். வீடு, மரம், மனுஷன் எதுவும் வரைய மாட்டேன் என்கிறான். இது உருப்படுமா?"
*தையல் வேலை செய்யும் தாய், வியாசர்பாடி*

தங்கச்சி, 1821, 22 இரண்டு வருஷம் ஒரு நாற்பத்தைந்து வயசு மனுஷர், பெண்டாட்டி பிள்ளைகளோடு லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் குடியிருந்துகொண்டு, மேகம் மேகமாக வரைந்து தள்ளினார். ஜான் கான்ஸ்டபிள். மாவு மில்லுக்காரர் மகன். காற்றையும் மழையையும் பார்த்துப் பிழைத்த குடும்பம். சின்னத் தாளில், ஆயில் பெயிண்டில், மேகம் கலைவதற்குள் முடிக்கவேண்டும். முடித்ததும் தாளைத் திருப்பித் தேதி, மணி, காற்று எந்தத் திசை, வானம் எப்படி என்று எழுதுவார். பல படங்களில் மரம் இல்லை, தரை இல்லை, பறவைகூட இல்லை. அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்புதான் லூக் ஹோவர்ட் என்ற மருந்துக்காரர் மேகங்களுக்குப் பெயர் வைத்திருந்தார். உங்கள் மகனின் அறிவியல் பாடத்தில் வரும் சிரஸ், குமுலஸ் எல்லாம் அவர் வைத்ததுதான்.

வானத்தைப் பின்னால் தொங்கவிட்ட வெள்ளைத் துணி மாதிரி வரையாதீர்கள், படத்தின் உணர்ச்சியே அங்கேதான் இருக்கிறது என்று கான்ஸ்டபிள் நண்பருக்கு எழுதினார். ஊர்க்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. அவருடைய வைக்கோல் வண்டிப் படம் 1824-ல் பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கியது. அதைப் பார்த்துவிட்டு டெலக்ரோவா தன் படத்தின் பின்னணியை மறுபடி தீட்டினார் என்பார்கள். லண்டன் அகாதெமி அவரை முழு உறுப்பினராக்கியது 1829-ல், 52 வயதில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில்.

ஆகவே உருப்படுமா என்று நான் ஜோசியம் சொல்ல மாட்டேன். கணக்கு நோட்டைக் காப்பாற்ற ஒரு நாற்பது பக்க அன்ரூல்டு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு மேகத்துக்கும் கீழே தேதி, மணி, காற்று எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டும். காற்றுத் தெரியாவிட்டால் கொடியில் தொங்கும் துணியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை முடிந்ததும் நோட்டோடு என்னிடம் அனுப்புங்கள். மனுஷனை வரைய நான் சொல்லித்தருகிறேன், மேகத்தை அவனிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

"தாத்தா கடைசி இரண்டு வருஷம் காது சரியாகக் கேட்காமல், யாரோடும் பேசாமல், தன் அறைச் சுவர் முழுக்கக் கரித்துண்டில் ஏதேதோ முகங்கள் வரைந்து வைத்துவிட்டுப் போனார். பார்த்தால் பயமாக இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார். அடித்துவிடலாமா?"
*ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை*

நிறுத்து, நிறுத்து.

ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோயா என்று ஒரு ராஜசபை ஓவியர். 1793 வாக்கில் பெரிய நோய் வந்து காது போயிற்று. போர் பார்த்தார், ஆட்களை நிற்கவைத்துச் சுட்டுக்கொன்றதைப் படமாக்கினார். 1819-ல் மாட்ரிட்டுக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார். அதற்குப் பெயர் 'செவிடன் வீடு'. இவரால் வந்த பெயர் இல்லை, முன்னால் இருந்தவருக்கும் காது கேட்காதாம். எழுபது தாண்டிய வயதில் அந்த வீட்டுச் சுவரில் நேராக வரைந்தார், 14 படங்கள். பிள்ளையைத் தின்னும் கிழவன், மணலில் புதைந்து தலை மட்டும் தெரியும் நாய், கூட்டமாக உட்கார்ந்த சூனியக்காரிகள். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. பெயர்கூட அவர் வைக்கவில்லை, எல்லாம் மற்றவர்கள் வைத்தது. அவர் செத்து நாற்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம், 1874-ல் ஆரம்பித்துச் சுவரிலிருந்து பெயர்த்துத் துணிக்கு மாற்றினார்கள். கொஞ்சம் சேதமாயிற்று. இன்று மாட்ரிட்டில் பிராடோ மியூசியத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் ஆட்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள் என்று கேள்வி.

உங்கள் தாத்தா கோயா என்று நான் சொல்லவில்லை. வெள்ளையடிப்பவரை அடுத்த அறையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சுவரைத் துடைக்கவேண்டாம், கரி கையோடு வந்துவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபிளாஷ் இல்லாமல், காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகப் போட்டோ எடுங்கள். யார் யார் முகம் என்று பாட்டியைக் கேட்டு எழுதி வையுங்கள், பாட்டிக்குத் தெரிந்திருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானே வருகிறேன். மாடி அறை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், என் முட்டி படிக்கட்டுக்கு ஒத்துழைப்பதில்லை.